பளிச்சென்ற ஜாக்கெட் பைக்கில் போகிறவரைக் காப்பாற்றுமா? லாரி கேபினிலிருந்து பார்த்தவனின் பதில்

பொய்கையிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் பைக்கில் ஷிப்டுக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 7,000 ரூபாய் கொடுத்துக் கறுப்பில் ரைடிங் ஜாக்கெட் வாங்கியிருக்கிறார். அவர் அம்மாவோ, ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருக்கும் பச்சை மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ என்கிறாராம். அதைப் போட்டால் கூட வேலை செய்கிறவர்கள், "இன்னாடா, ஹைவேஸ்ல வேலைக்கு சேந்துட்டியா?" என்கிறார்களாம். அந்தப் பச்சை மஞ்சள் ஜாக்கெட்டால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை அம்மா மனசுக்கு ஆறுதல் மட்டும்தானா என்பது கேள்வி.

பயன் உண்டு தம்பி. அம்மா பேச்சைக் கேளுங்கள். ஆனால் அது எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நான் 11 வருஷம் லாரி ஓட்டினேன். இப்போது காட்பாடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். பைக்கில் போகிறவருக்கு ரோடு நன்றாகத் தெரியும். ரோட்டில் வருகிற மற்றவர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பது மட்டும் தெரியாது. அந்தப் பக்கத்தைத்தான் நான் சொல்ல முடியும்.

ஒரு ராத்திரி நடந்தது. பள்ளிகொண்டா தாண்டி வேலூர் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். விடியற்காலை மூணு மணி இருக்கும். லோடு வண்டி, வேகம் அறுபது, ஹெட்லைட் டிம்மில். இடது ஓரத்தில், தரையிலிருந்து இரண்டு முழம் உயரத்தில், வெள்ளையாக ஒரு மூட்டை மட்டும் தெரிகிறது. தூக்கிப் போகிற ஆள் தெரியவில்லை, வண்டி தெரியவில்லை. மூட்டை தானாக நகர்கிறது. அது என்ன என்று மனசு யோசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். அந்த நேரம் வலப்பக்கம் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டி இறங்கி நடந்து போய்ப் பார்த்தால், வேலூர் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போகிற பெரியவர். டி.வி.எஸ். 50 பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வருகிறார். குளிருக்குக் கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருக்கிறார். எனக்குக் கை நடுங்குகிறது, அவர் சாவகாசமாகச் சொன்னார்: "உன் லைட்டு அவ்ளோ தூரத்துல இருந்து தெரிஞ்சுதேப்பா. நீ என்னெ பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

அந்தப் பெரியவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. வருகிற வண்டியின் வெளிச்சம் நம் கண்ணில் அடிக்கிறது; அதனால் நாமும் அந்த டிரைவர் கண்ணில் பட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ராத்திரியில் ரோட்டோரம் நடக்கிறவர்கள், தாங்கள் தெரியும் தூரத்தை உண்மையைவிட மிக அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்று இதை அளந்து பார்த்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். கறுப்புத் துணி போட்டவர் டிம் லைட்டில் தெரியத் தொடங்கும்போது முப்பது, நாற்பது மீட்டர்தான் மிச்சம் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். வகுப்பில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவை இவை. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900-க்கு மேற்பட்ட பைக் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அவற்றில் நான்கில் மூன்று, வேறொரு வண்டியோடு மோதியவை. அப்படி மோதியதில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்குக்கு விட வேண்டிய வழியை அந்த வண்டி விடாமல் குறுக்கே வந்ததால் நடந்தது. குறுக்கே வந்தவர்கள் சொன்ன காரணம் நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலும் தினமும் கேட்பதுதான்: "பைக் வந்ததை நான் பார்க்கவே இல்லை."

2004-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆக்லாந்து வட்டாரத்தில் விபத்தில் அடிபட்ட 463 பேரையும், அதே ரோடுகளில் ஒன்றும் ஆகாமல் ஓட்டிய 1,233 பேரையும் ஒப்பிட்டார்கள். ஒளிரும் துணியோ ரிஃப்ளெக்டர் துணியோ போட்டவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. வெள்ளை ஹெல்மெட்டுக்கு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால், 24 சதவீதம் குறைவு. பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓட்டியவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. இன்னொன்றும் கண்டார்கள்: சாதாரணச் சட்டை சிவப்பா நீலமா, பைக் என்ன கலர் என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. ஆக, வெறும் பளிச் சட்டை போதாது; ஒளிரும் சாயமோ ரிஃப்ளெக்டரோ இருக்க வேண்டும்.

37 சதவீதம் என்றதும் அதை அப்படியே ஜாக்கெட்டின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அதைத் தேடிப் போய் வாங்கி மாட்டுகிறவர் இயல்பிலேயே கொஞ்சம் நிதானமான ஆளாக இருப்பார். ஆராய்ந்தவர்கள் வயது, அனுபவம் போன்றவற்றைக் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனாலும் சுபாவத்தை முழுசாகக் கழிக்க முடியாது. அதனால் அந்த எண்ணில் ஒரு பங்கு துணிக்கு, ஒரு பங்கு அதைப் போட்ட ஆளுக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படி எடுத்தாலும் 150 ரூபாய்த் துணிக்கு அது பெரிய பலன்.

நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இதைத் தெரிந்துகொண்ட பிறகும், கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தால் எனக்கு மனசு பொறுக்காது.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ஜாக்கெட்டில் இரண்டு தனித்தனிப் பொருள் இருக்கிறது. பச்சை மஞ்சள் துணி ஃப்ளோரசன்ட். வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித் தெரிகிற வெளிச்சமாக மாற்றிக் கொடுக்கும். அதனால்தான் மேகமூட்டத்திலும், சூரியன் மறைந்த பிறகு இருட்டு கவிகிற நேரத்திலும் அது தானே எரிவது மாதிரி இருக்கிறது. ஆனால் ராத்திரி ஹெட்லைட்டிலும் தெருவிளக்கிலும் புற ஊதா மிகக் குறைவு. அப்போது அது சாதாரண வெளிர் மஞ்சள் துணிதான். ராத்திரிக்கு வேலை செய்வது அந்தச் சாம்பல் நிறப் பட்டை. அதில் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகள் இருக்கும். விழுகிற வெளிச்சத்தை, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். லைட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற டிரைவர் கண்ணுக்கு அது நேராகப் போய்ச் சேரும். அன்று அந்தப் பெரியவர் சால்வை மேல் ஒரு சாண் பட்டை இருந்திருந்தால், நான் பார்த்த தூரத்தைப் போலப் பல மடங்கு தூரத்திலேயே பார்த்திருப்பேன். பகல் ஷிப்டுக்குத் துணி, ராத்திரி ஷிப்டுக்குப் பட்டை. உங்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வருவதால் இரண்டும் உள்ளதுதான் சரி.

சைக்கிள் பெடலில் ஆரஞ்சு வில்லை இருக்கும் பாருங்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு அதுபோல உதவுவது வேறொன்றும் இல்லை. மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்த கணமே 'ஆள் மிதிக்கிறான்' என்று மனசு சொல்லிவிடும். முட்டியிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி நடக்கவைத்துச் சோதித்தவர்களும், மார்பில் மட்டும் பட்டை உள்ளவரைவிட இவரை டிரைவர்கள் வெகுதூரத்திலேயே 'மனுஷன்' என்று அடையாளம் கண்டார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது கால் ஆடாதுதான். பஞ்சராகித் தள்ளிக்கொண்டு போகும்போது ஆடும். கணுக்காலில் சுற்றிக்கொள்கிற ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்றை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

பளிச் கலர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியாது. பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இஸ்ரேலில் 2012-ல் செய்த சோதனையில், கடைகளும் வண்டிகளும் நெருக்கிய நகரத்து ரோட்டில் வெள்ளையும் ரிஃப்ளெக்டரும் நன்றாகத் தெரிந்தன. ஊருக்கு வெளியே, பின்னால் வெளிச்சமான வானம் மட்டும் இருக்கிற ரோட்டில் கறுப்பு உடைதான் சீக்கிரம் தெரிந்தது. உங்கள் வழியிலேயே இதைப் பார்க்கலாம். ஆற்காட்டிலிருந்து ராணிப்பேட்டை போகும் பாலாற்றுப் பாலத்தில், வெளுத்த மணலும் வெளுத்த வானமும் பின்னால் இருக்க, மத்தியானத்தில் கறுப்புச் சட்டை புள்ளி வைத்த மாதிரி தெரியும். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டு நெரிசலில் அதே கறுப்பு காணாமல் போய்விடும். நாற்று விட்ட வயலோரம் பச்சை மஞ்சள் கொஞ்சம் கலந்துவிடும், ஆரஞ்சு தனித்துத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிப் பக்கம் மஞ்சள் உடுத்திக் காவடியோடு கூட்டம் நடக்கிற அன்று மஞ்சளுக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. இதற்காகத் தினம் ஒரு கலர் மாற்ற வேண்டாம். பச்சை மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த ஜாக்கெட் கிடைக்கிறது, அதை எடுங்கள்.

இனி ஜாக்கெட் கைவிடும் இடங்கள். கண்ணில் படுவது வேறு, கணக்கில் வருவது வேறு. மீடியன் திறப்பில் திரும்ப நிற்கிற டிரைவர் ஒரே தூரத்தில் ஒரு பஸ்ஸையும் ஒரு பைக்கையும் பார்க்கிறார் என்று வையுங்கள். பஸ் பெரிசு, அதனால் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தோன்றும். பைக் சின்னது, அதனால் 'இன்னும் நேரம் இருக்கு' என்று தோன்றும். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தாலும் பைக் தாமதமாக வரும் என்றே மனசு கணக்குப் போடும். நேராக வருகிற பைக் பக்கவாட்டில் நகராது. ஒரு புள்ளி அப்படியே நின்று, கடைசியில் திடீரென்று பெரிசாகும். ராத்திரியில் ஒற்றை விளக்கு என்றால் தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. ஒற்றை விளக்கோடு இன்னும் இரண்டு சின்ன விளக்குகளை முக்கோணமாக வைத்தால் இருட்டில் வேகத்தைச் சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று 2012-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பளிச் துணி உங்களைக் கண்ணில் படவைக்கும். உங்கள் வேகத்தைச் சொல்லாது. அதற்கு நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். குறுக்கே திரும்பப் பார்க்கிற வண்டி தெரிந்தால் ஆக்சிலேட்டரை விடுங்கள், இருக்கிற லேனுக்குள்ளேயே மெதுவாகக் கொஞ்சம் இடமோ வலமோ நகருங்கள். அந்த நகர்வு கண்ணை இழுக்கும். அந்த வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். டிரைவர் முகத்தைவிடச் சக்கரம் உண்மை பேசும்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இயன் வாக்கர் என்ற ஆய்வாளர் சைக்கிளில் நடத்திய சோதனையும் இதையே சொல்கிறது. பல விதமான உடைகளில் சைக்கிள் ஓட்டவைத்து, ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு இடம் விட்டு ஓவர்டேக் செய்கிறது என்று கருவி வைத்து அளந்தார். ஒளிரும் ஜாக்கெட் போட்டாலும் விட்ட இடம் மாறவில்லை. போலீஸ் என்ற எழுத்தோடு, கேமரா பதிவாகிறது என்று எழுதிய ஜாக்கெட்டுக்கு மட்டும் சில சென்டிமீட்டர் கூட விட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள், பார்த்ததற்காக மரியாதை கொடுக்கவில்லை.

உங்கள் ரூட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொய்கையிலிருந்து ராணிப்பேட்டை வரை ரோடு ஏறக்குறைய கிழக்கு நோக்கிப் போகிறது. காலையில் ஜெனரல் ஷிப்டுக்குப் போகும்போது சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே. சாயங்காலம் திரும்பும்போதும் முகத்துக்கு நேரே. உங்களுக்குப் பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் அதே சூரியன்தான் கண்ணில் அடிக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் முதுகு நிழலில் இருக்கும். ஃப்ளோரசன்ட் துணிக்கு நேர் வெயில் கிடைக்காது. நீங்கள் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு நிழல். அப்போது உங்களைக் காட்டுவது டெயில் லைட்டும் பிரேக் லைட்டும்தான். வேகம் குறைப்பதற்கு முன்னாலேயே பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொட்டு லைட்டை மின்னவையுங்கள். வெளியே கிளம்புமுன் பிரேக் லைட் எரிகிறதா என்று சுவரில் பாருங்கள். ஸ்டைலுக்காகப் பின் மட்கார்டை வெட்டுகிற பையன்கள், கம்பெனி வைத்துக் கொடுத்த சிவப்பு ரிஃப்ளெக்டரையும் சேர்த்துக் கழற்றிப் போடுகிறார்கள். அது இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள். மழைக்காலத்தில் சேறு படிந்தால் துடையுங்கள்.

2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஹெட்லைட் தானாகவே எரியும். "அண்ணா லைட்டு எரியுது" என்று எதிரே வருகிறவர் கையை மூடித் திறந்து காட்டினால் பரவாயில்லை, எரியட்டும். பழைய வண்டி என்றால் பகலிலும் டிம்மில் போடுங்கள். கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை எல்.இ.டி. கூடுதலாக மாட்ட வேண்டாம். கண்ணமங்கலம், ஆரணி ரோடு மாதிரி நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில், எதிரே ப்ரைட் அடிக்கிறவனால் எனக்கு முன்னால் போகிற பைக்கே மறைந்துபோயிருக்கிறது. உங்கள் விளக்கு இன்னொருவரை அப்படி மறைக்கக் கூடாது.

எந்தக் கலரும் தெரியாத இடம் ஒன்று உண்டு: லாரியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கம். முன்பெல்லாம் கிளீனர் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். இன்றைக்குப் பல வண்டியில் டிரைவர் தனி ஆள். கேபின் உயரத்திலிருந்து கீழே அங்கே இருப்பவர் கண்ணாடியில் விழவே மாட்டார். வேலூர் கிரீன் சர்க்கிளில் லாரி இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது அந்தச் சந்தில் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். நீங்கள் பின்னாலேயே நில்லுங்கள்.

என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், முதலில் ஹெல்மெட். கறுப்பு ஹெல்மெட்டின் காலம் முடிந்து அடுத்தது எடுக்கும்போது வெள்ளை எடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. உங்கள் உடம்பிலேயே உயரமான இடம் தலைதான். கார் கூரைக்கு மேலே தெரிவது அது ஒன்றே. நம் ஊர் கத்திரி வெயிலுக்கும் வெள்ளைதான் நல்லது. அந்தக் கறுப்பு ரைடிங் ஜாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கீழே விழுந்தால் தோலையும் முட்டியையும் காப்பது அதுதான். அம்மா சொல்கிற அந்தப் பச்சை மஞ்சள் வலைத்துணி ஜாக்கெட்டால் அது முடியாது. வலைத்துணி ஜாக்கெட்டை அதன் மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள். சிப்காட் பக்கம் கையுறை, ஷூ விற்கிற சேப்டி கடைகளில் கிடைக்கும். பட்டை மார்பைச் சுற்றியும் தோளுக்கு மேலும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அதை வெயிலில் பெட்ரோல் டேங்க் மேல் விரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். எந்த வெயில் அதை ஒளிரவைக்கிறதோ அதே வெயில் சாயத்தையும் தின்றுவிடும். என்னுடைய முதல் ஜாக்கெட் ஒரே கோடையில் வெளிறிப்போனது. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், பட்டை மேல் இஸ்திரி வைப்பதும் கூடாது.

வாங்கி வந்த அன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாக வேலைக்குப் போகிற மாதிரியே எல்லாம் மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸ் வைத்த பையையும் முதுகில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறித் தெருக்கோடியில் முதுகைக் காட்டி உட்காருங்கள். அம்மாவை வாசலில் நிற்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பொட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையைத் தாழ்த்திப் பிடித்தால் பட்டை அவ்வளவாக மின்னாது, வெளிச்சம் டார்ச்சுக்கே திரும்பிப் போய்விடும். அநேகமாக, முதுகில் இருக்கிற பட்டை முழுவதையும் அந்த டிபன் பாக்ஸ் பை மறைத்திருக்கும். அம்மாவுக்குத் தோளில் இரண்டு கோடு மட்டும் தெரியும். பின் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாத அந்த இடத்தில், பையின் மேலேயே, ஒரு முழம் ரிஃப்ளெக்டர் பட்டை வாங்கி உங்கள் தெரு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.